வீட்டுக் கணினிக்கு இசிசி ரேம்: குறைந்த செலவில் எதை வாங்குவது, வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: குடும்பப் படங்கள், ஆவணங்கள், பேக்கப் எல்லாவற்றையும் வைக்க இரவும் பகலும் ஓடும் ஒரு கணினி வேண்டும். சர்வர் வாங்கும் அளவுக்குச் செலவழிக்க முடியாது. ஆனால் பிழையைத் தானே திருத்தும் ரேம், அதாவது இசிசி ரேம், வேண்டும். எந்த ப்ராசசர், எந்த மதர்போர்டு, எந்த ரேம்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டுவதென்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 போன்ற ஏஎம்4 (ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் வகை) ப்ராசசர், இசிசி உண்டு என்று விவரப் பக்கத்திலேயே எழுதியிருக்கும் ஒரு ஏஎஸ்ராக் போர்டு, டிடிஆர்4 இசிசி யூடிம் (வீட்டுக் கணினிகள் ஏற்கும் வகை ரேம் ஸ்டிக்) இரண்டு. பழையதற்குத் தயார் என்றால் இன்டெல்லின் சி236 அல்லது சி246 சிப்செட் (போர்டில் ப்ராசசருக்குத் துணையாக இருக்கும் சிப்) உள்ள ஒர்க்ஸ்டேஷன். அதில் ஐ5, ஐ7 அல்ல, ஐ3 அல்லது ஸியான். எதை வாங்கினாலும், வாங்கிய பிறகு இசிசி நிஜமாகவே இயங்குகிறதா என்று சோதிக்காமல் விட்டால் கொடுத்த கூடுதல் காசு வீண். இசிசி இயங்காத கணினி அடம்பிடிக்காது, எச்சரிக்காது. சாதாரண ரேம் போட்டது போலவே சமர்த்தாக ஓடும். இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்தது தெரியாமலே இருக்கிறார்கள்.

ஒரு பிட் புரண்டால் என்ன ஆகிவிடும்? தமிழிலேயே பார்க்கலாம். யூனிகோடில் 'ர' என்ற எழுத்தின் எண் 2992, 'ற' 2993. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கடைசி பிட் ஒன்றுதான். ரேமில் இருக்கும் 'மரம்' என்ற சொல்லில் அந்த ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆகப் புரண்டால் கோப்பில் 'மறம்' என்று பதிவாகும். 'ல'வும் 'ள'வும் இப்படித்தான், 2994, 2995. 'கலை' 'களை' ஆகிவிடும். எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள். இதுவே எண்ணாக இருந்தால் விளைவு பெரிது. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவருக்கு விழக்கூடிய வாக்குகளைவிட எண்ணிக்கை அதிகமாக இருந்ததால்தான் மாட்டியது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டிருக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

இது அபூர்வம்தானே என்று தோன்றலாம். கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கணினிகளும் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளும் குறைந்தது ஒரு திருத்தப்பட்ட பிழையையாவது சந்தித்தன என்றது. அதே ஆய்வின் இன்னொரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை: பிழைகள் எல்லா ஸ்டிக்குகளிலும் பரவலாக வரவில்லை, சிலவற்றிலேயே திரும்பத் திரும்ப வந்தன. விண்வெளிக் கதிர் வந்து பிட்டைத் தட்டிவிட்டது என்பது சொல்லச் சுவையான கதை. நடைமுறையில் அதிகம் நடப்பது ஒரு சிப் மெல்ல மெல்லக் கெட்டுப்போவதுதான். இசிசியின் பெரிய பயனும் இங்கேதான் இருக்கிறது. திருத்துவது பாதி வேலை. 'இந்த ஸ்டிக் கெட்டுக்கொண்டிருக்கிறது' என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது மீதிப் பாதி.

வேலை செய்யும் விதம் எளிது. சாதாரண டிடிஆர்4 ஸ்டிக் ஒரு முறைக்கு 64 பிட் அனுப்பும். இசிசி ஸ்டிக் 72 அனுப்பும். கூடுதலான 8 பிட்டில், எந்த இடத்தில் பிழை என்று சுட்ட 7 போதும். எட்டாவது, பிழை ஒன்றா இரண்டா என்று பிரித்தறிய. ஆகவே 64 பிட்டுக்குள் ஒன்று புரண்டால் திருத்தப்படும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கப்படும், ஆனால் திருத்தப்படாது. மூன்றோ அதற்கு மேலோ புரண்டால் தப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கைப் போடுவது ரேம் அல்ல, ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். ஸ்டிக்கின் வேலை அந்த 8 பிட்டையும் சுமந்து வந்து கொடுப்பது மட்டும்தான்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'டிடிஆர்5-இல் இசிசி உள்ளேயே இருக்கிறதே, தனியாக எதற்கு?' என்று கேட்பவர்கள் நிறைய. டிடிஆர்5 சிப்புக்குள் 128 பிட்டுக்கு 8 பிட் என்று ஒரு திருத்தம் நடப்பது உண்மை. சிப்பின் அறைகள் சுருங்கச் சுருங்கப் பலவீனமான பிட்டுகள் கூடுவதால், விற்கத் தகுந்த சிப்பை உருவாக்கவே அந்த ஏற்பாடு. சிப்பிலிருந்து ப்ராசசர் வரை ஓடும் தடத்தில், ஸ்லாட்டின் முனைகளில், கன்ட்ரோலரில் வரும் பிழையை அது பார்ப்பதே இல்லை. எதையாவது திருத்தினாலும் இயங்குதளத்துக்குச் சொல்லாது. கடை விளம்பரத்தில் 'டிடிஆர்5, இசிசி உடன்' என்று இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது ஸ்டிக்கிலேயே கூடுதல் சிப் உள்ள உண்மையான இசிசி. டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக் இரண்டு 32 பிட் தடங்களாகப் பிரிந்திருக்கும்; இசிசி ஸ்டிக்கில் ஒவ்வொன்றும் 36 பிட் அல்லது 40 பிட், மொத்தம் 72 அல்லது 80.

ஆக, சங்கிலியில் நான்கு கண்ணிகள்: ப்ராசசர், சிப்செட், போர்டும் அதன் பயாஸும் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்), ரேம் ஸ்டிக். ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் சத்தமில்லாமல் சாதாரண ரேமாக இறங்கிவிடும்.

ஏஎம்டி பக்கம் வருவோம். வீட்டுப் பயனாளருக்கு நிம்மதி அதிகம் இங்கேதான், ஏனென்றால் ரைசனில் இசிசியை ஏஎம்டி முடக்கி வைக்கவில்லை; சிப்செட்டையும் பார்ப்பதில்லை, மலிவான பி450, பி550 போதும். ஆனால் எல்லா ரைசனும் அல்ல. ஏஎம்4-இல் உள்கட்டு கிராபிக்ஸ் உள்ள 'ஜி' வகைகளில், 'ப்ரோ' என்று பெயரில் இருந்தால் மட்டுமே இசிசி. 5600ஜி-யில் கிடையாது, ப்ரோ 5650ஜி-யில் உண்டு. இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. ரைசன் 5 5500, ரைசன் 7 5700 இரண்டின் பெயரிலும் 'ஜி' இல்லை, கிராபிக்ஸும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது கிராபிக்ஸ் முடக்கப்பட்ட அதே 'ஜி' வகை சிப். ஆகவே இசிசி இல்லை. 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ், 5800எக்ஸ் எல்லாம் வேறு சிப், அவற்றில் உண்டு. 5700-க்கும் 5700எக்ஸ்-க்கும் இடையே ஒரு எழுத்துதான் வித்தியாசம். விலையைப் பார்த்து அந்த எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் இசிசியையும் விட்டுவிடுகிறார்கள்.

5600 வாங்கினால் திரைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கோப்புச் சேமிப்புக் கணினிக்கு நிறுவும்போது மட்டும் பழைய கார்டு ஒன்றைச் செருகி, பிறகு கழற்றிவிடலாம் என்று திட்டமிடுகிறார்கள். பல போர்டுகள் கார்டு இல்லாமலும் கிளம்பும், சில கிளம்பாது. கிளம்பாத போர்டில் நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால் கணினி பீப் ஒலித்துக்கொண்டே நிற்கும். குறைந்த மின்சாரம் தின்னும் சின்ன கார்டை உள்ளேயே விட்டுவிடுவது உத்தமம்.

ஏஎம்5-இல் நிலைமை கொஞ்சம் எளிது. 7600, 7700, 7900 போன்ற 7000 வரிசையிலும் 9000 வரிசையிலும் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, இசிசியும் உண்டு. விதிவிலக்கு 8000 வரிசை: 8500ஜி, 8600ஜி, 8700ஜி ஆகியவற்றிலும், அவற்றின் கிராபிக்ஸ் நீக்கிய 'எஃப்' வகைகளிலும் இசிசி இல்லை, ப்ரோ வேண்டும். 2024-இல் வந்த எபிக் 4004 வரிசையும் இதே ஏஎம்5 சாக்கெட்டில்தான் உட்காரும். அது சர்வருக்கென்றே சோதித்துத் தரப்படுவது. ஏஎம்5-இன் குறை ரேம் விலைதான். டிடிஆர்5 இசிசி யூடிம், டிடிஆர்4 இசிசியைவிடக் கணிசமாக விலை கூடியது. பழைய சந்தையில் கிடைப்பதும் அரிது. சேமிப்புக் கணினிக்கு டிடிஆர்5 வேகம் தேவையே இல்லை என்பதால் ஏஎம்4-ஐயே சொல்கிறேன்.

போர்டு தேர்வில்தான் ஆள் சறுக்குகிறார்கள். ரைசனில் இசிசி உண்டு, சரி. அதற்கான 8 கூடுதல் தடங்களைப் போர்டில் போட்டு, பயாஸில் திறந்து வைத்திருக்கிறார்களா என்பது தயாரிப்பாளர் கையில். ஏஎஸ்ராக்கின் ஏஎம்4 போர்டுகளில் பெரும்பாலானவை இசிசி யூடிமை விவரப் பக்கத்திலேயே சொல்கின்றன. 'ஜி' வகை என்றால் ப்ரோ மட்டும் என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கும். ஆசுஸ் போர்டுகளிலும் பலவற்றில் உண்டு, மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ, ஜிகாபைட் நிறுவனங்களின் பல ஏஎம்4 போர்டுகளின் பக்கத்தில் 'இசிசி யூடிம் பொருத்தலாம். இசிசி அல்லாத முறையில் இயங்கும்' என்ற வாசகம் இருக்கும். முதல் பாதியைப் படித்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்டிக் பொருந்தும், கணினி ஓடும், திருத்தம் நடக்காது என்பதே அதன் பொருள். விவரப் பக்கம் மௌனமாக இருந்தால் கையேட்டைப் பதிவிறக்கி 'இசிசி' என்று தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் கதை வேறு. 12-ஆம் தலைமுறையிலிருந்து ஐ5-12600கே, ஐ7-12700கே, ஐ9-12900கே போன்ற சாதாரண கோர் ப்ராசசர்களிலேயே இசிசி உண்டு. ஆனால் டபிள்யூ680 சிப்செட் போர்டு இருந்தால் மட்டுமே. பி660, இசட்690 போர்டில் போட்டால் நடக்காது. டபிள்யூ680 போர்டுகள் மாடல் குறைவு, விலை அதிகம். போர்டில் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஏஎம்4-இல் ப்ராசசரே வாங்கிவிடலாம். வீடியோ மாற்றத்துக்கு இன்டெல்லின் உள்கட்டு கிராபிக்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டுமே புதிய இன்டெல் இசிசிக்கு நான் ஆதரவு. ஒரே தலைமுறையிலும் எல்லா மாடலுக்கும் இசிசி கிடையாது. வாங்கப்போகும் துல்லியமான மாடல் எண்ணை இன்டெல் தளத்தின் விவரப் பக்கத்தில் 'இசிசி மெமரி' வரியில் பாருங்கள்.

பழைய இன்டெல்லில்தான் மலிவு விலைச் சுரங்கம் இருக்கிறது. நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் ஒர்க்ஸ்டேஷன்களில் டெல் பிரிசிஷன் டவர் 3620, எச்பி இசட்240, லெனோவோ பி310 ஆகியவை சி236 சிப்செட் கொண்டவை, 6-ஆம் தலைமுறை ப்ராசசர் (சில 7-ஆம் தலைமுறையும்) ஏற்பவை. அடுத்த சுற்று பிரிசிஷன் 3630, எச்பி இசட்2 ஜி4, லெனோவோ பி330. சி246 சிப்செட், 8, 9-ஆம் தலைமுறை. அந்தக் காலத்தில் இன்டெல் ஒரு விசித்திரம் செய்தது: மேலே ஸியானுக்கும் கீழே ஐ3, பென்டியத்துக்கும் இசிசி கொடுத்தது, நடுவில் இருந்த ஐ5, ஐ7-க்கு மறுத்துவிட்டது. ஆகவே இசட்240-ஐ ஐ7-6700 உடன் வாங்கினால் இசிசி கிடையாது. அதைக் கழற்றி ஐ3-6100 அல்லது ஸியான் இ3-1230 வி5 போட்டால் கிடைக்கும். வேகமானதை எடுத்துவிட்டு மெதுவானதைப் போட்டால் வசதி கூடும் இடம் கணினி உலகில் இதுபோல அதிகம் இல்லை. கழற்றிய ஐ7-ஐ விற்றால் ஐ3 விலையும் சேர்ந்து வந்துவிடும். சி246-க்கு ஐ3-8100, ஐ3-9100 நல்ல தேர்வு. நான்கு கோர், சேமிப்புக் கணினிக்கு ஏராளம். 10-ஆம் தலைமுறை ஐ3-10100-இல் இந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 'ஐ3 என்றால் இசிசி' என்று மனப்பாடம் செய்துகொண்டு 10-க்குப் போகாதீர்கள்.

இந்தப் பெட்டிகளின் குறை, பவர் சப்ளையும் முன்பக்கக் கேபிள்களும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். பவர் சப்ளை எரிந்தால் கடையில் கிடைக்கும் பொது வடிவமான ஏடிஎக்ஸ் ஒன்றை மாட்ட முடியாது. வாங்கும்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு எத்தனை மின் இணைப்பு வருகிறது, எத்தனை 3.5 அங்குல இடம் இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். நான்கு டிஸ்க் என்று நினைத்து வாங்கி இரண்டோடு நிற்பது வழக்கமான ஏமாற்றம்.

இன்னொரு வகை: எச்பி இசட்440, டெல் டி5810, லெனோவோ பி510. ஸியான் இ5 வி3, வி4 ப்ராசசர், ரெஜிஸ்டர் (கட்டளைகளை இடையில் வாங்கி அனுப்பும் சிப்) உள்ள டிடிஆர்4, அதாவது ஆர்டிம். சர்வர்களிலிருந்து கழித்த ஆர்டிம் குவிந்து கிடப்பதால், ஜிபிக்கு விலை என்று பார்த்தால் இதைவிட மலிவான இசிசி ரேம் இல்லை. 64 ஜிபி, 128 ஜிபி வேண்டும், பல மெய்நிகர் கணினிகள் ஓட்ட வேண்டும் என்பவருக்கு இது சரி. சும்மா கோப்பு வைக்க என்றால் மின்கட்டணத்தையும் பாருங்கள். எப்போதும் ஓடும் கணினியில் 30 வாட் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 263 யூனிட். சி236 பெட்டிக்கும் இந்தப் பெரிய ஸியான் பெட்டிக்கும் இடையே, சும்மா இருக்கும்போதே அந்த அளவு வித்தியாசம் எளிதில் வரும். ரேமில் மிச்சம் பிடித்ததை மீட்டர் தின்றுவிடும்.

உள்ளங்கை அளவு மினி கணினி வேண்டுமா? சாதாரண ரேமிலேயே இசிசி தரும் ஒரு வழி உண்டு. இன்டெல்லின் எல்கார்ட் லேக், ஆல்டர் லேக்-என் வகைச் சிப்புகளில், தனி சிப் இல்லாமல் ரேமின் ஒரு பகுதியையே சோதனை பிட்டுகளுக்கு ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இன்-பேண்ட் இசிசி என்பார்கள். 32-இல் ஒரு பங்கு போய்விடும், அதாவது 32 ஜிபியில் 1 ஜிபி. சோதனை பிட்டைத் தனியாகப் படிக்க வேண்டியிருப்பதால் வேகமும் குறையும். பயாஸ் திறந்து கொடுத்தால்தான் உண்டு. என்100 போட்ட பெரும்பாலான மினி கணினிகளில் அந்த வரியே இருக்காது. ஓட்ராய்டு-எச்4 வரிசையில் இருக்கிறது. இரண்டு டிஸ்க், குறைந்த மின்சாரம் போதும் என்பவருக்கு இதை முதல் தேர்வாகவே சொல்வேன்.

மடிக்கணினியில் மலிவாக இசிசி என்பதை மறந்துவிடலாம்.

இப்போது ஸ்டிக். பொருந்துவதும் வேலை செய்வதும் வேறு வேறு. ரைசன், ஐ3, ஸியான் இ3, டபிள்யூ680 எல்லாவற்றுக்கும் வேண்டியது ரெஜிஸ்டர் இல்லாத இசிசி, அதாவது இசிசி யூடிம். டிடிஆர்4-இல் ஆர்டிமும் யூடிமும் ஒரே 288 ஊசி, வெட்டும் ஒரே இடத்தில். ஆகவே ஆர்டிம் இந்தப் போர்டுகளில் அழகாக உட்காரும், கணினி மட்டும் கிளம்பாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டிம் வாங்கிவிட்டுப் போர்டைத் திட்டுகிறவர்கள் பெரும் கூட்டம். டிடிஆர்5-இல் வெட்டையே மாற்றிவிட்டார்கள். தவறானது உள்ளே போகாது.

பழைய ஸ்டிக் வாங்கும்போது விற்பவர் எழுதியதை நம்ப வேண்டாம், லேபிளின் படத்தைக் கேளுங்கள். 'பிசி4-2666வி' என்பது போன்ற குறியீட்டுக்குப் பின் ஒரு கோடு, அதன் பின் ஒரு எழுத்து வரும். 'இ' என்றால் இசிசி யூடிம், நமக்கு வேண்டியது. 'யூ' என்றால் இசிசி இல்லாதது. 'ஆர்' ஆர்டிம், 'எல்' சுமை குறைத்த சர்வர் ரேம். சாம்சங் ஸ்டிக்கில் எண் 'எம்391' என்று தொடங்கினால் இசிசி யூடிம், 'எம்378' சாதாரணம், 'எம்393' ஆர்டிம். ஹைனிக்ஸ் டிடிஆர்4 எண்ணின் நடுவே 'யூ7' இருந்தால் இசிசி யூடிம், 'யூ6' சாதாரணம், 'ஆர்7' ஆர்டிம். கிங்ஸ்டனின் சர்வர் வரிசையில் 'கேஎஸ்எம்32இடி8' என்பதைப் பிரித்தால்: 32 என்பது 3200 வேகம், 'இ' இசிசி யூடிம், 'டி8' இரண்டு ரேங்க் (சிப் தொகுதி), 8 பிட் சிப். அந்த 'இ' இடத்தில் 'ஆர்' வந்தால் தள்ளி வையுங்கள். லேபிளே கிழிந்திருந்தால் சிப்பை எண்ணுங்கள்: 8 பிட் சிப் போட்ட டிடிஆர்4-இல் ஒரு பக்கத்துக்கு 8 என்றால் சாதாரணம், 9 என்றால் இசிசி. நடுவில் வேறு வடிவச் சிப் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருந்தால் அது ரெஜிஸ்டர், ஆர்டிம்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். இசிசி ஸ்டிக்குகள் தரப்படுத்திய வேகத்திலும் 1.2 வோல்ட்டிலுமே வரும். டிடிஆர்4-இல் 2133 முதல் 3200 வரை. விளையாட்டுக் கணினியின் எக்ஸ்எம்பி வேகம், அதாவது தரத்துக்கு மேல் கூட்டிய வேகம், இருக்காது. இசிசி கணக்கு போடுவதால் வரும் தாமதம் ஒன்றிரண்டு சதவீதம்கூட இருக்காது. தெரிகிற வித்தியாசம் எல்லாம் அந்தத் தரப்படுத்திய வேகத்தோடு வரும் தளர்ந்த டைமிங்கால் (ரேம் பதில் தர எடுக்கும் இடைவெளி) வருவது. நான்கு 8 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி நல்லது. பின்னால் கூட்ட இடம் இருக்கும். ஏஎம்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் 3600 வரை இறங்கிவிடும். முக்கியமாக, இசிசி ஸ்டிக்கோடு வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரண ஸ்டிக் ஒன்றைச் சேர்க்காதீர்கள். ஓடும், ஆனால் எல்லாவற்றுக்கும் இசிசி நின்றுவிடும்.

எல்லாம் வந்துவிட்டது, மாட்டிவிட்டீர்கள். முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது, குறிப்பாக ஏஎம்5-இல். பிறகு இசிசி வரியைத் தேடுங்கள். ஏஎஸ்ராக் ஏஎம்4 போர்டுகளில் அது 'ஏஎம்டி சிபிஎஸ்' என்ற பட்டியலுக்குள், யுஎம்சி, டிடிஆர்4, காமன் ராஸ் என்று நாலைந்து அடுக்கு ஆழத்தில் இருக்கும். 'ஆட்டோ'வை 'எனேபிள்' ஆக்குங்கள். சில போர்டுகளில், பிழையை முதலில் பயாஸே வாங்கிக்கொள்ளும் 'பிளாட்ஃபார்ம் ஃபர்ஸ்ட் எரர் ஹேண்ட்லிங்' என்ற அமைப்பு இருக்கும். அதை அணைக்காவிட்டால் திருத்தம் நடந்தாலும் லினக்ஸுக்குச் செய்தி வராது. பிழையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

லினக்ஸில் டிமிடிகோட் கருவியை வகை 17-க்கு ஓட்டினால் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று வர வேண்டும். இரண்டுமே 64 என்றால் அங்கேயே நிறுத்தலாம், ஸ்டிக் அல்லது போர்டு தவறு. வகை 16 பிழைத் திருத்தம் உண்டா என்று சொல்லும். பலர் இதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இவை இரண்டும் பயாஸ் எழுதி வைத்த அட்டவணைகள், நிலவரம் அல்ல. இசிசி அணைந்திருக்கும்போதும் 72 காட்டும் போர்டுகள் உண்டு. லினக்ஸின் மையமான கெர்னலில், ரேம் பிழைகளைக் கவனிக்கும் இடாக் டிரைவரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் அது மெமரி கன்ட்ரோலரின் பதிவேட்டையே நேரடியாகப் படிக்கிறது. கணினி கிளம்பும்போது வரும் செய்திகளில் 'இடாக்' என்று தேடினால், ரைசனில் ஏஎம்டி64 இடாக் டிரைவர் 'எம்சி0' என்ற கன்ட்ரோலரைப் பதிவு செய்ததாக ஒரு வரி இருக்க வேண்டும். பயாஸில் இசிசி அணைந்திருந்தால் அந்த டிரைவர் ஏற மறுத்து, காரணத்தையும் எழுதிவிடும். ஏறியிருந்தால் கெர்னல் தரும் 'சிஸ்' கோப்புறையில் எம்சி0-இன் கீழ் இரண்டு எண்ணிகள் கிடைக்கும்: திருத்தப்பட்டவை, திருத்த முடியாதவை. இரண்டும் 0-இல் தொடங்கும். ராஸ்டீமன் என்ற நிரலை நிறுவிவிட்டால் ஒவ்வொரு பிழையும் நேரத்தோடு பதிவாகும்.

விண்டோஸில் பவர்ஷெல் வழியாக 'வின்32 ஃபிசிக்கல் மெமரி அரே'யின் பிழைத் திருத்த மதிப்பைக் கேளுங்கள்: 3 என்றால் இல்லை, 5 அல்லது 6 என்றால் உண்டு. இதுவும் அட்டவணைதான். திருத்தப்பட்ட பிழைகள் நிகழ்வுப் பதிவில் வியா-லாகர் என்ற பெயரில் 47 என்ற எண்ணோடு வரும்.

எண்ணி 0-விலேயே நின்றால் பிழை வரவில்லையா, பிழையைப் பார்க்கவே இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிழையை வரவழைத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஹார்ட் டிஸ்க்குகளின் கேபிளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். இந்தச் சோதனையில் கோப்பு கெடலாம் என்பதால் இது கட்டாயம். யூஎஸ்பியிலிருந்து நேரடி லினக்ஸ் ஒன்றைக் கிளப்புங்கள். பயாஸில் ரேம் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள், 2666 ஸ்டிக்கை 2800, 2933 என்று. வோல்ட்டேஜைத் தொட வேண்டாம். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ரேமை நிரப்பிச் சோதிக்கும் நிரல் ஒன்றை ஓட்டுங்கள். கிளம்பாத அளவுக்குப் போவதற்கு முன், தள்ளாடும் ஒரு நிலை வரும். அங்கே 'திருத்தப்பட்டவை' எண்ணி ஏறி, சோதனை நிரல் பிழை காட்டாமல் இருந்தால் நான்கு கண்ணியும் இறுகியிருக்கின்றன. நிரல் பிழை காட்டுகிறது, எண்ணி அசையவில்லை என்றால் இசிசி இல்லை, லேபிள் என்ன சொன்னாலும் சரி. வேகம் கூட்டியும் ஸ்டிக் தள்ளாடாவிட்டால் டைமிங்கை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முடிந்ததும் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இசிசி வரி மட்டும் இன்னும் 'எனேபிள்'-இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டிஸ்க்கைச் செருகுங்கள். பயாஸை மீட்டமைக்கும்போது அதுவும் சேர்ந்து பழைய நிலைக்குப் போய்விடும். பின்னாளில் பயாஸ் புதுப்பித்தாலும் இதே கதைதான்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தினால் இசிசி இல்லாமல் ஓட்டவே கூடாது, ஓட்டினால் மொத்தமும் அழியும் என்று ஒரு பயமுறுத்தல் உலவுகிறது. மற்ற கோப்பு முறைகளுக்கு எவ்வளவு ஆபத்தோ இதற்கும் அவ்வளவுதான். ஆனால் அதில் செக்சம் (தரவு மாறியதா என்று பார்க்கும் சோதனை எண்) இருப்பதால் இசிசி வேண்டாம் என்பதும் தவறு. 'மரம்' ரேமிலேயே 'மறம்' ஆகிவிட்டால், அதற்கு இசட்எஃப்எஸ் சரியான செக்சம் போட்டு, இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக எழுதிவிடும். பிறகு எத்தனை முறை ஸ்க்ரப் (டிஸ்க் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட்டினாலும் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். இசிசிக்கும் பேக்கப்புக்கும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பேக்கப் டிஸ்க்கை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகு எண்ணியை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஆண்டில் ஒன்று, இரண்டு ஏறினால் விட்டுவிடலாம். ஒரே சேனலில், ஒரே ஸ்லாட்டில் வாரத்துக்குச் சில என்று வந்தால் கணினியை அணைத்து, ஸ்டிக்கைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். தொடர்ந்தால் இரண்டு ஸ்டிக்குகளையும் இடம் மாற்றுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கை மாற்ற வேண்டும். ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு, அல்லது ப்ராசசரின் அடியில் வளைந்த ஊசி. 'திருத்த முடியாதவை' 1 ஆனால் கணினி பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கெட்ட தரவை டிஸ்க்கில் எழுதுவதைவிட நிற்பது நல்லது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மறுபடி கிளப்புவதற்கு முன் அந்த ஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள்; கடைசியாக எழுதிய கோப்புகளை பேக்கப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாற்று ஸ்டிக் வரும் வரை பாதி ரேமில் ஓட்டலாம்.